வளவும் வளவாளரும்

கேள்வி: வளர்ந்தோர் கல்வி வகுப்புகள் நடத்துகிறோம். முன்பு பத்து நாள் பயிற்சி தந்தார்கள். நிதி இல்லை என்று இப்போது அதை ஒரு நாளாக்கிவிட்டார்கள். அன்றும் பயிற்சி தர வருகிற வளவாளர் படிவம் நிரப்பத்தான் சொல்லித் தருகிறார். மேலதிகாரிகள் கேட்பது வரவு எண்ணிக்கை மட்டும். என்ன செய்யலாம்?
- ஓர் ஆசிரியை, சண்டிலிப்பாய்

பதில்: 'வளவாளர்' என்று எழுதியிருக்கிறீர்கள். வளம் உள்ளவர் என்று நினைத்து உண்டாக்கிய சொல். யாழ்ப்பாணத்துக் காதில் அது வளவு என்றே விழுகிறது. வேலி, படலை, கிணறு, முருங்கை எல்லாம் சேர்ந்ததுதானே வளவு. என்னைக் கேட்டால், படிக்க வருகிறவரின் வளவுக்குள் ஒரு தரமாவது போய்வந்தவரே வளவாளர்.

1980களின் நடுவில் எங்கள் ஊர் வாசிகசாலையில் மாலை வகுப்பு எடுத்தேன். 'அ, ஆ' என்று தொடங்கினேன். நான்காம் நாள் ஓர் அம்மாவைக் காணவில்லை. வீட்டுக்குப் போனேன். "தம்பி, மகன் சுவிசிலயிருந்து காகிதம் போடுறான். பக்கத்து வீட்டில குடுத்து வாசிச்சால், காசு எவ்வளவு வந்ததெண்டு ஒழுங்கை முழுக்கத் தெரிஞ்சிடுது. நான் அதை வாசிக்கத்தான் வந்தனான்" என்றார். மறுநாள் அந்தக் காகிதத்தின் முதல் வரியிலிருந்து தொடங்கினோம்.

அப்படித் தொடங்கலாம் என்று எனக்குச் சொன்னவர் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். பின் வரிசை வாங்கில் இருந்து வகுப்பைப் பார்ப்பார். பெற்றோல்மாக்ஸை அணைத்த பிறகு அரை மணி நேரம் பேசுவார். எனக்குக் கிடைத்த பயிற்சி அதுதான். உங்களுக்கு வெட்டிய ஒன்பது நாளில் போனதும் அதுதான். இதனால் நிதி வேண்டாம் என்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பின் வாங்கில் இருப்பவருக்குப் பஸ் காசும் சம்பளமும் கொடுக்கத்தான் வேண்டும்.

எண்ணிக்கைக்கு வருவோம். புகையிலை நடுகிற காலத்தில் வகுப்பு பாதியாகும். படிவத்தில் அதை எழுத இடம் இருக்காது. பின்பக்கத்தில் எழுதுங்கள், ஒவ்வொரு மாதமும் எழுதுங்கள்.

ஆனால் வகுப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கிய உயர்கல்விக்கூடம் வட்டுக்கோட்டைச் செமினரி, பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை படித்த இடம். மிஷனின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் நேரில் வந்து பார்த்துப் போன 1855இலேயே அதை மூடிவிட்டார்கள். ஊரவர்கள் முயன்று அங்கே யாழ்ப்பாணக் கல்லூரியைத் தொடங்க 1872 ஆகிவிட்டது. மூட ஒரு வருகை போதும், திறக்க 17 வருடம். இதை நான் இந்தப் பக்கத்தில் முன்பும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன்.

சரி, இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். பக்கத்து ஊரில் வகுப்பு எடுப்பவரோடு பேசி வையுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை அவர் வகுப்பில் நீங்களும் உங்கள் வகுப்பில் அவரும் பின் வாங்கில் இருங்கள். பார்த்ததைக் கொப்பியில் எழுதி வையுங்கள். ஆறு மாதத்தில் அந்தக் கொப்பியை எனக்கு அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.