சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் சிறுநீரகம் கெட்டுப்போகுமா?

எல்லா ஆன்டிபயாடிக்கும் கெடுக்காது. ஜென்டாமைசின், அமிகாசின், வான்கோமைசின் போன்ற ஊசிகளில்தான் அந்த ஆபத்து அதிகம். அவற்றைப் போடும்போது கிரியேட்டினினை (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய, ரத்தத்தில் இருக்கும் ஒரு கழிவு) அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். டாக்சிசைக்ளின் மாதிரி சிலவற்றுக்கு, சிறுநீரகம் பலவீனமாக இருந்தாலும் பொதுவாக அளவைக் குறைக்கத் தேவையில்லை.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. சிறுநீரகம் மெதுவாகிவிட்டால் வெளியேற வேண்டிய மருந்து உடம்பிலேயே தங்கும். என் அப்பாவுக்கு 72 வயது, பல வருடச் சர்க்கரை. கிரியேட்டினின் 1.6 என்பதை 'கொஞ்சம்தானே கூட' என்று நினைத்திருந்தோம். அவர் வயதுக்குக் கணக்குப் போட்டால் இ.ஜி.எஃப்.ஆர் (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதன் கணக்கு) 45தான் வரும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

சிறுநீர்த் தொற்றோடு காய்ச்சல் வந்தபோது, புதிதாகப் பார்த்த ஒரு டாக்டர் லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினார். ஏற்கெனவே என்ன மாத்திரை போடுகிறார் என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வேர்வை, கை சில்லென்று இருந்தது. என் பெயரைக் கூப்பிடவே தடுமாறினார். குளுக்கோமீட்டரில் சர்க்கரை 52தான். சர்க்கரை கரைத்த தண்ணீரை வாய் வாயாகக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துப் பார்த்தால் 84. அந்தக் கால் மணி நேரத்தை என்னால் மறக்கவே முடியாது.

அவர் தினமும் போடுவது கிளிமெபிரைட் என்ற சர்க்கரை மாத்திரை. அதோடு லெவோஃப்ளாக்சசின் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். சிறுநீரகத்துக்கு ஏற்ப லெவோஃப்ளாக்சசின் அளவையும் குறைக்கவில்லை, காய்ச்சலில் சாப்பாடும் சரியாக இறங்கவில்லை. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் என்றாலும் கவனம் தேவை. டெல்மிசார்டான், லோசார்டான் போன்ற பிரஷர் மாத்திரைகளோடு சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடலாம். அப்புறம், காய்ச்சல் வலிக்கு என்று டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் நீங்களாகவே போடாதீர்கள். பல நேரம் ஆன்டிபயாடிக்கைவிட இவைதான் சிறுநீரகத்தை அதிகம் வாட்டுகின்றன.

அதற்காக, பயந்து மருந்தை நிறுத்தவும் கூடாது. தொற்று மேலே ஏறிச் சிறுநீரகத்தைப் பிடித்தால் அந்தச் சேதம் இன்னும் மோசம். ஆனால் எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லாமல் பரிசோதனையில் மட்டும் கிருமி தெரிந்தால், சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு இது பொருந்தாது.

இப்போது அப்பாவின் சட்டைப் பையில் ஒரு சீட்டு இருக்கிறது: கடைசி கிரியேட்டினின், இ.ஜி.எஃப்.ஆர், எடுத்த தேதி, தினமும் போடும் மாத்திரைகள். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுகிறோம். மருந்து ஆரம்பித்த பிறகு சிறுநீர் குறைந்தாலோ, கால் வீங்கினாலோ, வாந்தி நிற்காமல் போனாலோ கோர்ஸ் முடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். வாந்தி இருக்கும் நாட்களில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைத் தொடரலாமா என்றும் மறக்காமல் கேளுங்கள்.