இருமல் நின்றாலும் மாத்திரை நிற்கக் கூடாது

குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டும் உங்கள் அப்பா, நான்கு மாதத்தில் இருமல் நின்று எடையும் கூடியதால், காசநோய் மாத்திரை இனி வேண்டாம் என்று மறுப்பதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். முதல் 2 மாதங்களிலேயே பெரும்பாலான கிருமிகள் செத்துவிடுவதால் உடல் தேறிவிடுகிறது. பதுங்கியிருக்கும் மிச்சத்தை அழிக்கத்தான் அடுத்த 4 மாத மருந்து, இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும், மருந்துக்கு அடங்காததாகவும் மாறலாம். சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது இந்த மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின் என்ற மருந்தால்தான், அதற்கு அஞ்ச வேண்டாம். ஆனால் கண் மஞ்சளித்தாலோ, பார்வை மங்கினாலோ, ஓயாமல் வாந்தி எடுத்தாலோ அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எந்த மருந்தை நிறுத்துவது, எதை மாற்றுவது என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். விடியுமுன் வெட்டப் போகிறவர் என்பதால், மாத்திரை அட்டையை அவருடைய நெற்றி விளக்கின் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். ஆறாம் மாத முடிவில் சளிப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் சொன்ன பிறகு நிறுத்தலாம்.