எட்டு கோர் இருந்தும் வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லையே, ஏன்?

கேள்வி: என் ஆய்வுக்காக சென்சார் பதிவுகளைப் படித்துக் கணக்கிடும் நிரல் ஒன்றை சி ப்ளஸ் ப்ளஸில் எழுதியிருக்கிறேன். ஒரே த்ரெட்டில், அதாவது ஒரே செயலோட்டமாக, ஓடினால் 80 விநாடி. எட்டு கோர் (செயலிக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதி) உள்ள கணினியில் கணக்கிடும் பகுதியை எட்டு த்ரெட்டாகப் பிரித்தேன். 10 விநாடியில் முடியும் என்று நினைத்தேன், 46 ஆகிறது. 16 த்ரெட் வைத்தால் 48. அதோடு, கூட்டுத்தொகையின் கடைசி இலக்கங்கள் ஒவ்வொரு முறையும் மாறுகின்றன. எங்கே தவறு? வரைகலைச் செயலியான ஜிபியுவுக்கு மாறிவிடலாமா?

பதில்: த்ரெட் எண்ணிக்கையைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். நீங்கள் கொடுத்த இரண்டு எண்களே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுகின்றன. 80-லிருந்து 46-க்கு வந்ததில் மிச்சமானது 34 விநாடி. எட்டாகப் பிரித்த வேலை எட்டில் ஒரு பங்கு நேரத்தில் முடியும். அதாவது எட்டில் ஏழு பங்கு மிச்சமாகும். 34 என்பது எதன் எட்டில் ஏழு? கிட்டத்தட்ட 39-இன். ஆக உண்மையில் பிரிந்து ஓடியது 39 விநாடி வேலைதான். மீதி 41 விநாடி ஒரே கோரில் ஓடுகிறது, மற்ற ஏழும் அதுவரை சும்மா காத்திருக்கின்றன.

ஐபிஎம்மில் பணியாற்றிய ஜீன் அம்டால் 1967-இல் முன்வைத்த வாதம் இதுதான்: பிரிக்க முடியாத பகுதிதான் மொத்த வேகத்துக்கு உச்சவரம்பு. உங்கள் நிரலை ஆயிரம் கோரில் ஓட்டினாலும் 41 விநாடிக்குக் கீழே இறங்காது. இரண்டு மடங்கு வேகம்கூடக் கிடைக்காது. சான்டியா ஆய்வகத்தில் 1,024 செயலிகளோடு வேலை செய்த ஜான் கஸ்டாஃப்சன் 1988-இல் இதற்கு ஒரு மறுமொழி சொன்னார்: செயலிகள் கூடும்போது நாம் எடுத்துக்கொள்ளும் கணக்கும் பெரிதாகிறது, பிரிக்க முடியாத தொடர் பகுதி அதே அளவுக்கு வளர்வதில்லை என்று. நல்ல வாதம். ஆனால் உங்களுக்கு அது கைகொடுக்காது என்றே நினைக்கிறேன். அந்த 41 விநாடி அநேகமாகக் கோப்பைப் படித்து, எழுத்தாக இருக்கும் எண்களை நிஜ எண்களாக மாற்றும் வேலை. தரவு வளர்ந்தால் அதுவும் கூடவே வளரும்.

என் ஊகத்தை நம்ப வேண்டாம். படிப்பது, மாற்றுவது, கணக்கிடுவது என ஒவ்வொரு கட்டத்துக்கு முன்னும் பின்னும் நேரத்தைக் குறித்து அச்சிட்டுப் பாருங்கள். ஊகம் சரியென்றால், பதிவுகளை ஒரே ஒரு முறை பைனரி கோப்பாக, அதாவது எண்கள் கணினியின் சொந்த வடிவிலேயே இருக்கும் கோப்பாக, மாற்றிச் சேமித்துவிடுங்கள். திரும்பத் திரும்ப ஓட்டும் ஆய்வுக்கு இதைவிடப் பெரிய லாபம் இல்லை, இதற்கு ஒரு த்ரெட்கூடத் தேவையில்லை. முடியாதென்றால் கோப்பை எட்டுத் துண்டாக வெட்டி, ஒவ்வொரு எல்லையையும் அடுத்த வரி முடிவுவரை நகர்த்தி, மாற்றும் வேலையையும் பிரித்துக் கொடுங்கள்.

2015-இல் ஃபிராங்க் மெக்ஷெர்ரி, மைக்கேல் ஐசார்ட், டெரெக் மரே மூவரும் ஒரு கட்டுரையில், கோர்கள் கூடினால் மட்டும் வேகம் வந்துவிடாது என்பதைக் கண்ணுக்கு முன் காட்டினார்கள். பெரிய கிராஃப் தரவை (புள்ளிகளும் அவற்றுக்கு இடையிலான இணைப்புகளும்) நூற்றுக்கும் மேற்பட்ட கோர்களில் அலசும் அமைப்புகள் சிலவற்றை, மடிக்கணினியில் ஒரே த்ரெட்டில் ஓடும் கவனமான நிரல் முந்திவிட்டது. எதோடு ஒப்பிட்டு வேகம் என்கிறோம் என்று எப்போதும் கேட்க வேண்டும். என்னிடம் வரும் மாணவர்களிடம் முதலில் கேட்பதும் ஒரு த்ரெட்டுக்கான நேரத்தைத்தான்.

16 த்ரெட் விஷயம் எளிது. வேலை செய்யும் கோர்கள் எட்டுதானே. ஒரு கோர் இரண்டு த்ரெட்டைத் தாங்கும் வகையாக இருந்தாலும், இரண்டும் ஒரே கணக்கிடும் உறுப்புகளையும் ஒரே கேச்சையும்தான் (கோருக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய, வேகமான நினைவகம்) பங்குபோட்டுக்கொள்ளும்.

கணக்கிடும் பகுதியிலும் ஒன்றைச் சரிபாருங்கள். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒரு கவுன்ட்டர் என்று எட்டு கவுன்ட்டர்களை (எண்ணிக்கையை வைத்திருக்கும் மாறிகள்) நினைவகத்தில் அடுத்தடுத்து இருக்கும் ஒரே அணியில் வைத்திருக்கிறீர்களா? ஒன்று 8 பைட், எட்டும் சேர்ந்து 64 பைட். இன்டெல், ஏஎம்டி செயலிகளில் ஒரு கேச் வரியின் அளவும் 64 பைட்தான். எட்டும் ஒரே வரியில், மிஞ்சினால் இரண்டில் அடங்கிவிடும். செயலி நினைவகத்தைக் கையாள்வது வரி வரியாக. முதல் த்ரெட் தன் கவுன்ட்டரில் எழுதியதும், மற்ற கோர்களிடம் இருக்கும் அந்த வரியின் நகல் செல்லாததாகிவிடும். இரண்டாவது த்ரெட் அந்த வரியை மறுபடி வரவழைக்க வேண்டும். நிரலில் யாரும் யாருடைய கவுன்ட்டரையும் தொடவில்லை, ஆனாலும் அந்த ஒரே வரிக்காக எட்டு கோர்கள் ஓயாமல் இழுபறி செய்கின்றன. இதை ஃபால்ஸ் ஷேரிங் என்பார்கள். தீர்வு சின்னது: வளையத்துக்குள் த்ரெட்டின் சொந்த உள்ளூர் மாறியில் எண்ணுங்கள், முடிந்த பிறகு ஒரே ஒரு முறை அணியில் எழுதுங்கள்.

அப்புறம், மாறும் இலக்கங்கள். பதிவுகளின் எண்ணிக்கை போன்ற முழு எண்ணும் மாறுகிறதா என்று முதலில் பாருங்கள். மாறினால் நிரலில் நிச்சயம் பிழை. ஒன்றைக் கூட்டுவது என்பது படி, கூட்டு, எழுது என மூன்று படிகள். இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் 41-ஐப் படித்தால் இரண்டும் 42 என்றே எழுதும், ஒரு பதிவு காணாமல் போகும். ஜிசிசி, கிளாங் என்ற இரண்டு கம்பைலர்களிலும் உள்ள த்ரெட் சானிடைசர் என்ற சோதனைக் கருவியைப் போட்டு ஓட்டினால், இப்படிப்பட்ட இடத்தைப் பெரும்பாலும் வரி எண்ணோடு காட்டிவிடும்.

முழு எண்கள் மாறாமல் தசம எண்களின் கடைசி இலக்கங்கள் மட்டும் மாறுகின்றன என்றால், காரணம் பெரும்பாலும் கூட்டும் வரிசைதான். தசம எண்களுக்கான டபுள் வகை 15, 16 இலக்கங்களைத்தான் தாங்கும். 1-ஐத் தொடர்ந்து 16 சுழியம் கொண்ட எண்ணோடு 1-ஐக் கூட்டி, அந்தப் பெரிய எண்ணைக் கழித்துப் பாருங்கள், விடை 0. முதலில் கழித்துவிட்டு 1-ஐக் கூட்டினால் விடை 1. உங்கள் நிரலில் எந்த த்ரெட் முதலில் முடிகிறதோ அதன் தொகை முதலில் சேர்கிறது போலிருக்கிறது. தரவை நிலையான துண்டுகளாகப் பிரித்து, எல்லாம் முடிந்த பிறகு துண்டு எண் வரிசையில் கூட்டுங்கள். அதே கணினியில் எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே விடை வரும். ஆய்வு முடிவுகளை இன்னொருவர் சரிபார்க்க வேண்டுமே, அதற்காகவாவது இதைச் செய்துவிடுங்கள்.

ஜிபியு இப்போது வேண்டாம். அது குறைக்கக்கூடியது அந்த 39 விநாடியைத்தான், அதையும் எட்டு கோர்கள் ஏற்கெனவே ஐந்து விநாடிக்குக் கொண்டுவந்துவிட்டன. பைனரி கோப்புக்கு மாறிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் பெரும் நேரம் கணக்கிடுவதிலேயே போகிறதென்றால், ஜிபியுவைப் பற்றி யோசிக்கலாம்.