பெரியப்பாவும் ஸ்கோப்பும்

கேள்வி: என் மகள் பத்தாவது முடித்திருக்கிறாள். பிளஸ் ஒன்னில் புள்ளியியல் உள்ள குரூப்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். அவளுடைய பெரியப்பாவோ, ‘அதற்கெல்லாம் ஸ்கோப் இல்லை’ என்கிறார். கல்லூரிக்குப் போகும் முன்பே இதைப் படிக்கத்தான் வேண்டுமா?
(ஒரு தகப்பன், உசிலம்பட்டி)

பதில்: பெரியப்பா சௌக்கியமா?

ஸ்கோப் பார்த்துச் சொல்ல எல்லார் வீட்டிலும் ஒருவர் உண்டு. எங்கள் வீட்டில் சித்தப்பா. டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டும் முடித்து, ஷார்ட்ஹேண்டும் கையிலிருந்தால் ஆயுசுக்கும் சோறு என்றார். தெருவுக்கு ஒரு இன்ஸ்டிடியூட் இருந்த காலம். அப்புறம் எலெக்ட்ரானிக்ஸ் என்றார். அப்புறம் ஜாவா. நடுவில் கொஞ்ச நாள் பயோடெக்னாலஜி. அதை நம்பிச் சேர்ந்த பிள்ளைகளில் இரண்டு பேர் இன்றும் கல்யாண வீடுகளில் சித்தப்பாவைக் கண்டால் பந்தி மாறி உட்காருகிறார்கள். இப்போது ஏ.ஐ. என்கிறார். விரிவாகச் சொல்லுங்கள் என்றால் மாத்திரை சாப்பிடும் நேரம் வந்துவிடுகிறது. நியாயமாகச் சொன்னால், அவர் பேச்சைக் கேட்டு நான் பழகிய ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’தான் இந்தப் பக்கத்தை இன்றும் தட்டச்சு செய்கிறது. அவர் கட்சிக்கு நான் ஒரு சாட்சி. ஒற்றைச் சாட்சியை வைத்துக்கொண்டு ஊருக்கே தீர்ப்புச் சொல்லலாமா என்பதுதான் உங்கள் மகள் படிக்க ஆசைப்படும் பாடம்.

பெரியப்பா ஸ்கோப்பை எப்படி அளக்கிறார்? அவருக்குத் தெரிந்தவர் மகன் நியூ ஜெர்சியில் இருக்கிறான், அவன் படித்த படிப்புக்கு ஸ்கோப் இருக்கிறது. அதே வகுப்பில் அதே படிப்பைப் படித்துவிட்டு ஊரில் செல்போன் கடை வைத்திருப்பவன் அவர் கணக்கில் வருவதேயில்லை. இரண்டாம் உலகப் போரின்போது நியூயார்க்கில் ஆபிரகாம் வால்ட் என்ற புள்ளியியலாளர் இதே கோளாறோடுதான் மல்லுக்கட்டினார். சண்டைக்குப் போய்த் திரும்பிய விமானங்களின் உடம்பெல்லாம் குண்டுத் துளை. துளை அதிகமுள்ள இடத்தில் கவசம் போடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். வால்டின் கணக்கு, திரும்பி வராத விமானங்களையும் சேர்த்துக்கொண்டது. துளையோடு வந்த விமானம் அந்த அடியைத் தாங்கியிருக்கிறது. எந்த இடத்தில் அடிபட்டவை வந்து சேரவேயில்லையோ, அங்கேதான் ஆபத்து.

இந்த வால்டுக்கும் நமக்கும் ஒரு சோகமான தொடர்பு உண்டு. இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவுகளுக்காக இங்கே வந்தவர், 1950 டிசம்பரில் மனைவியோடு போன ஏர் இந்தியா விமானம் நீலகிரி மலையில் மோதி இறந்தார். வயது 48. கோத்தகிரிக்கு வர்க்கி வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கல்லூரிக்கு முன்பே வேண்டுமா என்கிறீர்கள். பதினாறு வயதில் இதைப் படிக்காமல், கிரெடிட் கார்டு வாங்கிய பிறகா படிப்பது? மாநிலப் பாடத்திட்டத்தில் சராசரி, பரவல், நிகழ்தகவு எல்லாம் பிளஸ் ஒன்னிலேயே வந்துவிடுகின்றன. ஒரு மாதிரியைப் பார்த்துவிட்டு முழுக் கூட்டத்தைப் பற்றி எவ்வளவு தூரம் பேசலாம் என்பது பிளஸ் டூவில். தேர்தல் முடிந்த அன்று மாலை டிவியில் கோட் போட்டுக்கொண்டு உட்காருகிறவர்களுக்கு அந்தப் பாடத்தை வைத்து ஒரு பரீட்சை நடத்தவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. 2004இல் தோற்ற கூட்டணியை ஜெயிக்க வைத்தார்கள். 2024இல் பாஜகவுக்குத் தனியாகவே 300க்கு மேல் அள்ளிக் கொடுத்தார்கள், கிடைத்தது 240. பிழை எல்லாக் கணிப்பிலும் வரும், அதைக் குறை சொல்லவில்லை. எத்தனை பேரிடம் கேட்டீர்கள், எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று வாயே திறப்பதில்லையே, அதுதான் எரிச்சல்.

பெரியப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். கணிதப் பட்டத்தோடு வேலை தேடிக் கல்கத்தா போனார் சி.ஆர். ராவ். தேடிப் போன வேலை கிடைக்கவில்லை. மகலனோபிஸ் நடத்திய இந்தியப் புள்ளியியல் கழகத்தில் 1941இல் பயிற்சிக்குச் சேர்ந்தார். 1945இல் எழுதிய கட்டுரைக்காக 2023இல், 102 வயதில், சர்வதேசப் புள்ளியியல் பரிசு அவரைத் தேடி வந்தது. ஸ்கோப் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. புள்ளியியலுக்காகக் கணிதத்தைக் கைவிட வேண்டாம். அதே கழகத்தின் பி.ஸ்டாட். படிப்புக்குப் பள்ளியில் புள்ளியியல் படித்திருக்க வேண்டியதில்லை, ஆனால் கணிதம் கட்டாயம். இரண்டும் சேர்ந்த குரூப் பக்கத்துப் பள்ளியில் இருக்கிறதா என்று விசாரியுங்கள், இல்லையென்றால் கணிதம்தான்.

புள்ளியியல் என்றதும் பழைய பாக்கி ஒன்று நினைவுக்கு வருகிறது. டிகாஷனில் சிக்கரி கலந்திருந்தால் வாசனையிலேயே சொல்லிவிடுவேன் என்று கும்பகோணத்து வாசகர் ஒருவர் எனக்கு எழுதிக்கொண்டே இருக்கிறார். ஐயா, இங்கிலாந்தில் ஒரு பெண்மணி இப்படித்தான், கோப்பையில் பாலை முதலில் ஊற்றினார்களா, டீயை முதலில் ஊற்றினார்களா என்பதைக் குடித்தே சொல்வேன் என்றார். புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் அதை வைத்து ஒரு சோதனையே வகுத்துவிட்டார். அதே முறையில் உங்களுக்கும் எட்டு டம்ளர். நான்கில் சிக்கரி, நான்கில் இல்லை. வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வோம். குருட்டாம்போக்கில் எட்டையும் சரியாகச் சொல்ல எழுபதில் ஒரு வாய்ப்புதான், ஆகையால் முழுதும் சரியாகச் சொன்னால் அடுத்த இதழிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். சீட்டு எடுக்க உசிலம்பட்டிப் பெண்ணை அழைத்துக்கொள்ளலாம். நாளைக் குறியுங்கள், காபித்தூள் மட்டும் நீங்கள் கொண்டுவரக் கூடாது.