கையெழுத்துப் போட்டது ஒன்று, வாக்குச்சீட்டில் படித்தது வேறொன்று

கேள்வி: ஒஹாயோ மாநிலம் கொலம்பஸில் வசிக்கிறேன். குடியுரிமை வாங்கி முதல்முறை ஓட்டுப் போட்டது 2024 நவம்பரில். கட்சிக்குச் சாதகமாகத் தொகுதி எல்லைகளை வளைக்கும் ஜெரிமாண்டரிங்கை ஒழிக்கிற மாநில அரசியலமைப்புத் திருத்தம் என்று சொல்லி, முன்பே மனுவில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். வாக்குச்சீட்டில் 'இஷ்யூ 1' என்ற பெயரில் வந்திருந்த அந்தத் திருத்தத்தைப் படித்தால், ஜெரிமாண்டரிங் செய்தே ஆகவேண்டிய ஒரு ஆணையத்தை அமைப்பதாக இருந்தது. பயந்துபோய் 'இல்லை' போட்டுவிட்டேன். நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனா? இனி எதை நம்புவது?

பதில்: நீங்கள் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். அந்த வார்த்தை சீட்டில் இருந்தது உண்மை. நீங்கள் கையெழுத்திட்ட மனுவும் அதே திருத்தத்துக்கானதுதான். இரண்டையும் எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள், அதுதான் விஷயம்.

மனுவில் இருக்கும் சுருக்கத்தைத் திருத்தம் கொண்டுவருகிறவர்களே எழுதி, மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலிடம் ஒப்புதல் வாங்குகிறார்கள். வாக்குச்சீட்டில் அச்சாகும் வாசகத்தை முடிவு செய்வது ஐந்து பேர் கொண்ட பேலட் போர்டு. அதன் தலைவர், தேர்தல்களை நடத்தும் பொறுப்பில் உள்ள மாநிலச் செயலர். 2024இல் அந்தப் பதவியில் இருந்தவர் ஃபிராங்க் லரோஸ். போர்டில் குடியரசுக் கட்சியினர் 3, ஜனநாயகக் கட்சியினர் 2. திருத்தமோ, தொகுதி வரையும் வேலையை அரசியல்வாதிகளிடமிருந்து பிடுங்கி, 15 குடிமக்களிடம் கொடுக்கச் சொன்னது. யாருடைய கையிலிருந்து அதிகாரம் போகிறதோ அவர்களே அதற்கு விளக்கமும் எழுதினார்கள். இத்தனை வருடம் இந்த வேலையில் இருந்தும் இதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

அவர்கள் தரப்பு வாதம் இது: மாநிலம் முழுக்க ஒரு கட்சிக்கு விழும் ஓட்டின் விகிதத்துக்கு ஏற்பத் தொகுதிகள் அமையவேண்டும் என்று திருத்தம் சொன்னது, கட்சியை மனதில் வைத்துக் கோடு போடுவதே ஜெரிமாண்டரிங்தானே. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் போனது. இரண்டு பத்திகளைத் திருத்தச் சொன்ன நீதிபதிகள், 4க்கு 3 என்ற கணக்கில் அந்த வார்த்தையை விட்டுவைத்தார்கள். மக்களை ஏமாற்றும், திசைதிருப்பும், மோசடி செய்யும் வாசகமாக இருந்தால்தான் செல்லாது என்கிறது ஒஹாயோ அரசியலமைப்பு. சுமார் 54 சதவீதம் 'இல்லை' விழுந்து திருத்தம் தோற்றது.

அன்று நான் வாக்குச்சாவடிப் பணியில் இருந்தேன். பெரியவர் ஒருவர் சீட்டோடு திரும்பி வந்து, "இதில் ஆம் போட்டால் ஒழிப்பதா, வைத்துக்கொள்வதா?" என்று கேட்டார். நாங்கள் விளக்கம் சொல்லக்கூடாது. சுவரில் ஒட்டியிருந்த முழு வாசகத்தைத்தான் காட்ட முடிந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்று படித்தார். பாதியில் விட்டுவிட்டுப் போனார்.

ஒரு கட்சி மட்டும் செய்வதில்லை இதை. கலிஃபோர்னியாவில் 2018இல் பெட்ரோல் வரி உயர்வை ரத்து செய்யக் கோரி மக்கள் ஓட்டுக்கு வந்த ப்ரொபொசிஷன் 6க்கு, சாலைப் பராமரிப்பு நிதியை ஒழிப்பது என்று தலைப்பு கொடுத்தவர் ஜனநாயகக் கட்சிக்காரரான அட்டர்னி ஜெனரல். அதுவும் தோற்றது.

நீங்கள் செய்யவேண்டியது: தேர்தலுக்குச் சில வாரம் முன்பே உங்கள் கவுன்டி தேர்தல் அலுவலகத்தின் தளத்தில் மாதிரி வாக்குச்சீட்டும் மாநிலச் செயலர் தளத்தில் திருத்தத்தின் முழு வாசகமும் கிடைக்கும். வீட்டில் உட்கார்ந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சீட்டின் சுருக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். 'ஆம்' போட்டால் திருத்தம் வருகிறது, 'இல்லை' போட்டால் பழையபடி இருக்கிறது.

இதில் ஒரு விலக்கு உண்டு, பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். சட்டமன்றம் ஏற்கெனவே நிறைவேற்றிய சட்டத்தை எதிர்த்து மக்கள் கையெழுத்துத் திரட்டினால், அது ரெஃபரெண்டம். அங்கே 'ஆம்' என்றால் அந்தச் சட்டம் இருக்கட்டும் என்று பொருள். ஒஹாயோவில் 2011இல் அரசு ஊழியர் சங்கங்கள் கூட்டாகப் பேரம் பேசும் உரிமையைக் குறுக்கிய சட்டத்தை எதிர்த்துக் கையெழுத்துப் போட்டவர்கள், தேர்தலில் 'இல்லை' போடவேண்டியிருந்தது. 61 சதவீதத்துக்கு மேல் அப்படிப் போட்டுச் சட்டத்தை வீழ்த்தினார்கள். எதிர்த்துக் கையெழுத்திட்டீர்கள் என்றால், எதிர்த்தே ஓட்டும் போடவேண்டும். அரசியலமைப்புத் திருத்தத்தில் இது தலைகீழ்: வேண்டும் என்று கையெழுத்திட்டவர் 'ஆம்' போடுகிறார்.

நீங்கள் கேட்காவிட்டாலும் இன்னொன்றைச் சொல்லியே ஆகவேண்டும். கையெழுத்து வாங்க வருகிறவர்களில் பலர் கூலிக்கு வருகிறவர்கள். கோயில் வாசலிலும் இந்தியக் கடை வாசலிலும் அட்டையும் பேனாவுமாக நிற்பார்கள். "வரி குறையும் சார், ஒரே ஒரு கையெழுத்து" என்பார்கள். மனுவைத் திருப்பிப் படிக்க நேரம் தரமாட்டார்கள். கூடவே வாக்காளர் பதிவுப் படிவத்தையும் நீட்டுவார்கள். உங்களுக்கு அதனால் ஆபத்தில்லை. உங்கள் வீட்டில் கிரீன் கார்டில் இருக்கும் அம்மா, அப்பாவுக்கு உண்டு. குடிமகன் என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்திட்டால், பொய்யாகக் குடியுரிமை கோரியதாக ஆகிவிடும். நாடுகடத்தல் வரை போகக்கூடிய குற்றச்சாட்டு அது. குடியுரிமை விண்ணப்பத்திலேயே, எப்போதாவது வாக்காளராகப் பதிந்தீர்களா என்று கேட்கிறார்கள். படிவத்தை நீட்டியவர் அன்று உங்களோடு வந்து நிற்கமாட்டார். என் அறைக்கு இப்படி அழுதுகொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், எல்லோரும் நல்லெண்ணத்தில் கையெழுத்துப் போட்டவர்கள்.

ஓட்டுப் போட்டு முடித்த சீட்டை மாற்ற முடியாது. ஆனால் தவறாகக் குறித்துவிட்டீர்கள் என்று பெட்டியில் போடுமுன் தெரிந்தால், பணியாளரிடம் கொடுத்து வேறு சீட்டு கேளுங்கள். தருவார்கள்.