மோரிஸ் மைனரில் புது பேட்டரியும் இறங்கிவிடுகிறதே, ஏன்?

1960ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் கார், புது பேட்டரி, ஆனாலும் சார்ஜ் ஏறவில்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு அணையவில்லை என்கிறீர்கள். மூன்றாவது பேட்டரி வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். குற்றவாளி அதுவாக இருக்க வாய்ப்புக் குறைவு.

முதலில் விசிறிப் பட்டையை விரலால் அழுத்துங்கள். அரை அங்குலத்துக்கு மேல் தொய்ந்தால் இறுக்குங்கள். பிறகு பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் டைனமோவின் டி (D), எஃப் (F) முனைகளிலிருந்து கம்பிகளைக் கழற்றி, டைனமோவிலுள்ள அந்த இரண்டு முனைகளையும் சிறு கம்பியால் இணையுங்கள். அங்கிருந்து காரின் உடலுக்கு வோல்ட் மீட்டரை வைத்து, எஞ்சினை மெதுவாக முடுக்குங்கள். இந்தக் காரில் பேட்டரியின் நேர்முனைதான் உடலோடு சேர்ந்திருக்கும், மறக்க வேண்டாம். 15 வோல்ட்டைத் தாண்டி ஏறினால் டைனமோ நலம், உடனே நிறுத்துங்கள். அப்படியென்றால் சந்தேகம் கம்பிகள் மீதும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பெட்டி மீதும்தான்.

ஏறவில்லையா? டைனமோவுக்குள் இருக்கும் கரித்துண்டுகளை (பிரஷ்) பாருங்கள். என் காரில் ஒன்று நகக்கண் அளவுக்குத் தேய்ந்து, உள்ளே மை கொட்டியதுபோல் கரித்தூள். பினாங்கின் உப்புக்காற்றில் எர்த் கம்பியின் முனையும் பச்சை பூத்திருந்தது, உப்புத்தாளால் தேய்த்தேன்.

இன்னொன்று: ஜார்ஜ்டவுன் நெரிசலில் முகப்பு விளக்கோடு ஊர்ந்தால், நல்ல டைனமோவும் சார்ஜ் ஏற்றாது. அது கோளாறு அல்ல, அந்தக் காலத்து வடிவமைப்பு.