படம் பார்த்தால் பைத்தியம் பிடிக்குமா?

கேள்வி: எனக்கு 24 வயது. மார்த்தாண்டத்தில் ஒரு செல்போன் கடையில் வேலை. மனநோய், சைக்கோ கதைப் படங்கள் என்றால் உயிர். தமிழ், மலையாளம், கொரியன் எதையும் விடமாட்டேன். ராத்திரி ஹெட்செட் போட்டுக்கொண்டு ஒரு மணி, இரண்டு மணிவரை பார்ப்பேன். இரண்டு மாதம் முன்பு அப்படி ஒரு படம் பார்க்கும்போது திடீரென்று நெஞ்சு படபடத்து, விரல்கள் மரத்து, நமக்குப் பிராந்து பிடிக்கப்போகிறது என்று தோன்றிவிட்டது. அன்றிலிருந்து நான் பேசுவது சரிதானா, கேட்ட சத்தம் நிஜமா என்று என்னையே கவனித்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவின் தம்பிக்கு இளவயதில் மனச்சிதைவு நோய் வந்தது. இப்போது ஆசாரிப்பள்ளத்தில் மாதாமாதம் மாத்திரை வாங்குகிறார், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகிறார். எனக்கும் வருமா? படங்கள்தான் காரணமா?

பதில்: இல்லை தம்பி. இல்லாத குரல் கேட்டு, அதை நிஜமென்று நம்பவைக்கும் மனச்சிதைவு நோய் படம் பார்த்து யாருக்கும் வருவதில்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அன்று உங்களுக்கு வந்தது பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று பொங்கும் கடும் பயம். பயத்தில் மூச்சு வேகமாகும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறையும். அதனால்தான் விரல் மரத்துப்போகிறது, தலை லேசாகிறது, சுற்றியிருப்பதெல்லாம் நிஜமில்லாததுபோல் இருக்கிறது. பெரும்பாலும் பத்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், தானாக இறங்கிவிடும். தூக்கமில்லாத உடம்பு, இருட்டு அறை, காதுக்குள் அலறும் பின்னணி இசை எல்லாம் சேர்ந்தால் அதற்கு வேறு காரணமே வேண்டாம்.

அதற்கப்புறம் நீங்கள் செய்துகொண்டிருக்கும் காவல்தான் பயத்தை வளர்க்கிறது. ராத்திரி கூரையில் ஓலை மட்டை விழுந்தால்கூட 'இது நிஜச் சத்தமா?' என்று கேட்கிறீர்கள். மனச்சிதைவில் குரல் கேட்பவர் பொதுவாக அப்படிக் கேட்பதில்லை. அவருக்கு அந்தக் குரல் பக்கத்தில் நிற்கும் ஆள் பேசுவதுபோல் தெளிவாக இருக்கும், அதை நம்பிவிடுவார். சந்தேகப்பட்டுச் சோதித்துக்கொண்டே இருப்பது பதற்றத்தின் குணம்.

இப்போது படங்களைப் பற்றி. 1993இல் வந்த 'மணிச்சித்திரத்தாழ்' என்ற மலையாளப் படத்தை நீங்கள் பார்க்காமல் இருக்க மாட்டீர்கள். அதில் சில காட்சிகள் உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத பத்மநாபபுரம் அரண்மனையில் எடுத்தவை. எனக்கும் மிகவும் பிடித்த படம். பேய் என்று ஊரே சொல்லும் இடத்தில், இது மனநோய் என்று ஒரு டாக்டரைப் பேச வைத்ததற்காகவே அந்தப் படத்தை மதிக்கிறேன். ஆனால் ஒரே ராத்திரியில் நாடகம் நடத்தி, பொம்மையை வெட்ட வைத்து, நோயைத் தீர்த்துவிட முடியாது. நிஜத்தில் அப்படிப்பட்டவரோடு மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். 'அந்நியன்' காட்டும் பல ஆளுமைக் கோளாறு மிக அரிது, உங்கள் மாமாவுக்கு வந்தது அதுவல்ல. கணித மேதை ஜான் நாஷைப் பற்றிய 'எ பியூட்டிஃபுல் மைண்ட்' படத்தில் இல்லாத ஆட்கள் கண்முன் வந்து நிற்பார்கள். நாஷுக்கு இருந்தது குரல் கேட்பது. கேமராவுக்குக் காட்ட ஏதாவது வேண்டுமே, அதனால் உருவம் கொடுத்தார்கள்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது வேறொன்று. மனநோய் வந்தவர் என்றால் படத்தில் கத்தி எடுக்க வேண்டும். நிஜத்தில் அவர்கள் பிறரை அடிப்பதைவிட அடி வாங்குவதுதான் அதிகம். 2001இல் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்துவிட்டது. ஷாக் ட்ரீட்மென்ட்டையும் மயக்க மருந்து கொடுக்காமல் செய்யக் கூடாது. படங்களில் துடிதுடிக்கக் காட்டுவதை நம்பி, தேவைப்படும் நோயாளிக்குக்கூட வேண்டாம் என்று வீட்டார் மறுத்துவிடுகிறார்கள்.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். மனச்சிதைவு பொதுவாக 100 பேரில் ஒருவருக்கு வரலாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால்கூடப் பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேருக்கு வருவதில்லை. மாமாவுக்கு என்றால் அதைவிடவும் குறைவு. இன்னொன்றும் பாருங்கள்: நோய் வந்த அந்த மனிதர் விடியுமுன் எழுந்து, தலையில் டார்ச் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் பால் வெட்டுகிறார். மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் நிறையப் பேர் இப்படித்தான் வாழ்கிறார்கள். திருப்பமோ கிளைமாக்ஸோ இல்லாததால் இதை யாரும் படமாக எடுப்பதில்லை. நேரம் கிடைத்தால் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர் பட்டதை அவர் வாயால் கேட்டால் பாதி பயம் போய்விடும்.

கஞ்சா பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். குடும்பத்தில் இந்த நோய் இருப்பவருக்கு அது நிஜமாகவே ஆபத்து, சினிமாவைப்போல அல்ல. சாயங்காலத்துக்கு மேல் கட்டன் சாயா வேண்டாம். பதினொரு மணிக்குப் படுத்துவிடுங்கள். நோய் அறிகுறிகளை யூடியூபில் தேடுவதை விடுங்கள். படபடப்பு வந்தால் மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே மெதுவாக, நீளமாக விடுங்கள். படத்தை அடியோடு நிறுத்தச் சொல்லமாட்டேன், ஒதுக்க ஒதுக்கப் பயம் பெரிதாகும். கொஞ்ச நாள் கழித்து பகலில், கூட்டுகாரர்களோடு பாருங்கள்.

தூக்க மாத்திரையை மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள், பழகிவிடும். ஒரு தைராய்டு ரத்தப் பரிசோதனை எடுத்துக்கொள்ளுங்கள். தைராய்டு கூடினாலும் இதே படபடப்பு வரும். ரிப்போர்ட்டோடு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவுக்கு ஒருமுறை போய்வாருங்கள். பேச்சு சிகிச்சையிலேயே பலருக்குச் சரியாகிவிடும். மாத்திரை கொடுத்தால் அது வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், நடுவில் விடக் கூடாது. நடுராத்திரி பயம் தாங்க முடியவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடுங்கள். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். யாரோ உங்களைப் பற்றியே பேசுவதுபோல் குரல் கேட்டாலோ, ஆட்கள் பின்தொடர்வதாக உறுதியாகத் தோன்றினாலோ, சாகலாம் என்ற எண்ணம் வந்தாலோ காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள். மாமாவையே துணைக்குக் கூட்டிப்போகலாம், அந்த ஓ.பி. அவருக்குப் பழகிய இடம்.